மாதா கழுத்தில் கிடந்த தாலி

கடவுள் கொடுத்த பத்துக் கற்பனைகளில் நாலாவதைப் பற்றிப் பேசுவதென்றால் எங்கள் உபதேசியாருக்கு வெல்லக்கட்டி கிடைத்த மாதிரி. தாய் தகப்பனைச் சங்கித்து, அதாவது மதித்து நடக்க வேண்டும் என்று ஆரம்பிப்பார். தாய் என்ற சொல்லைக் கால் சுட்டதுபோலத் தாண்டிப் போவார். தகப்பன் என்ற இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். அப்படி நிற்கும்போது கோயிலில் உட்கார்ந்திருக்கிற மகன்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். தகப்பன்மார் பக்கம் அவர் கண் ஒரு நாளும் திரும்பியதில்லை. அவரும் ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பன், அதனால் இருக்கலாம்.

நான் அஞ்சாம் வகுப்பு வரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தச்சு வேலைக்காரன். வேத விளக்கம் சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கற்பனையை நான் சட்டியில் ஊற்றி, ஏழு வருசம் தினம் இரண்டு வேளை கையில் எடுத்துப் போனவன். அதனால் எழுதுகிறேன். என் தகப்பனை 'அவர்' என்றே எழுதுவேன். கற்பனை அந்த அளவுக்கு என் கையைப் பிடித்திருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் திருச்செங்கோட்டு மலை மேற்கே தெரியும். வேதக்காரர் நாற்பது குடும்பம். சுற்றிலும் குடியானவர்களின் தோட்டங்கள். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற உருளை, வண்டிச் சக்கரம், ஏர், கலப்பை என்று எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. சேலத்துப் பக்கமிருந்து வெள்ளைக்காரச் சுவாமியார் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வண்டியில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் எங்களுக்குச் சுவாமியார், மேற்றிராணியார், எல்லாம்.

என் தகப்பனும் தச்சர்தான். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது உளி இல்லை, குரல். தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாதா புலம்பல் பாடுவார். சிலுவை அடியில் நிற்கிற மாதா மகனைப் பார்த்து அழுகிற இடம் வரும்போது கோயிலே குலுங்கி அழும். சங்ககிரிப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த வெள்ளிக்கிழமைகளில் பாதி நாள் என் அம்மா கோயிலுக்கு வரமாட்டாள். தாடை வீங்கியிருக்கும்.

வீட்டில் செபமாலை சொல்லும்போதுதான் அவர் அடிப்பார். பகலெல்லாம் கூலிக்குக் களை வெட்டிவிட்டு வந்தவள் நாலாம் பத்து மணியில் கண் அசந்தால், மடியில் வைத்திருக்கிற, மரம் அளக்கிற முழக்கோலை எடுப்பார். "செபத்துல தூங்கறவளைத் திருத்தறேன்" என்பார். திருத்திவிட்டு, விட்ட மணியிலிருந்து தொடங்குவார். ஒரு மணி தப்பாது. இது ஊருக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நூறு அடி. எல்லாருக்கும் தெரியும். குரல் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

மேட்டூரில் அணை கட்டுகிறார்கள், தச்சர்களுக்கு நல்ல கூலி என்று பேச்சு வந்தபோது எனக்குப் பதினாலு வயசு. அவர் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். வீட்டில் இருந்த ஒரே இழைப்புளியும் அந்தப் பெட்டிக்குள்தான் போனது. மூன்று மாதம் ஒரு சேதியும் இல்லை. அப்புறம் ஒரு மத்தியானம் தோளில் சாக்குப் பையோடு ஒரு ஆள் வந்து வாசலில் நின்றான். வாந்திபேதியில் போய்விட்டார், ஒரே குழியில் பத்துப் பேரைப் போட்டு மூடினார்கள் என்றான். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். அம்மா அவனுக்குச் சோளச்சோறு போட்டு, துணிப்பெட்டியில் இருந்த அவருடைய ஒரு புது வேட்டியையும் எடுத்துக் கொடுத்தாள். சேதி கொண்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்றாள்.

அதற்கப்புறம் எங்கள் முறைப்படி எல்லாம் நடந்தது. பெண்கள் கூடி அம்மாவின் தாலியை அறுத்தார்கள். வெள்ளைச் சேலை கொடுத்தார்கள். சிலுவை பொறித்த அந்தச் சின்னத் தாலியை அம்மா தேவமாதாவுக்குக் கொடுத்துவிட்டாள். எங்கள் கோயிலில் மாதா சுரூபம் பீடத்துக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில் ஒரு மாடத்தில் இருக்கிறது. தாய்மாமன் வீட்டு ஏணியைச் சாய்த்து, நான்தான் ஏறி மாதா கழுத்தில் தாலியைப் போட்டேன். ஊரில் அந்த உயரத்துக்கு எட்டுகிற ஏணி அது ஒன்றுதான். பிறகு மாமன் எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்து, அந்த ஏணியையும் கொடுத்தார்.

உடம்பு இல்லாத கல்லறை எதற்கு என்று உபதேசியார் கேட்டார். அம்மா கெஞ்சி, கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாக ஒரு சிலுவை மட்டும் நட அனுமதி வாங்கினாள். வேப்பமரத்தில் நான் செய்தேன். என் கையால் செய்த முதல் உருப்படி அது. வருசா வருசம் அவர் ஆத்துமத்துக்கு ஒரு பூசை. ஆத்துமாக்கள் திருநாளில் சிலுவைக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி. மோட்சத்துக்கு முன்னால் பாவம் தீரக் காத்துக் கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவர் நிறைய நாள் கிடக்க வேண்டியிருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். அதை வாயால் சொல்லாமல் வருசத்துக்கு வருசம் ஒரு செபமாலை கூட்டிக்கொண்டே போனாள்.

இப்படி ஒன்பது வருசம் போனது. அம்மா உடம்பு தேறினாள். செபமாலையில் தாராளமாகத் தூங்கினாள்; நாங்கள் சிரிப்போம், அவளும் முழித்துக்கொண்டு சிரிப்பாள். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் பிறந்தது. வெள்ளைச் சேலையில் என் அம்மா சந்தோசமாக இருந்தாள் என்று எழுதினால் படிக்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொள்ளட்டும்.

ஒரு வைகாசி மத்தியானம் நான் வாசலில் உட்கார்ந்து கவலை உருளைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். கையில் ஒரு துணி மூட்டையோடு வயசான ஆள் ஒருவர் வந்து நின்று, என் வேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தொளை கோணலாப் போகுது பாரு" என்றார்.

குரலைக் கேட்டதும் எனக்கு உளி நின்றுவிட்டது. அம்மா உள்ளேயிருந்து செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். யார் வந்து நின்றாலும் அவள் முதலில் தண்ணீர்தான் கொண்டு வருவாள். அவர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"எவன் செத்தான்னு வெள்ளச்சீல கட்டியிருக்கறே?"

அம்மா செம்பை அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிறவரை நின்று, செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாப்பாட்டில் உட்கார்ந்து மூன்று தடவை குழம்பு வாங்கி ஊற்றிக்கொண்ட பிறகு அவரே எல்லாம் சொன்னார். மேட்டூரில் இன்னொரு பெண்ணோடு குடித்தனம். அணை வேலை முடிந்தும் அங்கேயே இருந்தார். மாசியில் அவள் செத்துப்போனாள். அவளுடைய தம்பிமார் அவரை வெளியே தள்ளினார்கள். மேட்டூர் என்ன இலங்கையா? சங்ககிரி வழியாக வண்டி கட்டினால் விடிகாலை புறப்பட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்விடலாம். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவர் ஒன்பது வருசம் செத்துப்போயிருந்தார்.

"அப்ப அன்னிக்கு ஒரு ஆள் வந்து சொன்னானேங்க?" என்றேன்.

"நாந்தான் சொல்லி அனுப்பிச்சேன்" என்று சிரித்தார். "இல்லீன்னா உங்கம்மா அங்கயே பொறப்பட்டு வந்திருப்பாளே. அந்த வேட்டியக் கொண்டாந்து எங்கிட்டத்தான் குடுத்தான். நாணயமான பையன். ரெண்டு வருசம் கட்டினேன், நல்ல துணி."

அம்மா அடுப்படியில் இருந்தாள். பொழுது சாய்வதற்குள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் தன்னுடைய சிலுவையைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். சுற்றி வந்து பார்த்தார். நகத்தால் மரத்தைக் கீறினார். ஆட்டிப் பார்த்தார்.

"வேம்பா? வேங்கை கெடைக்கிலியா? எணைப்பு வேற லொடலொடங்குது. தகப்பனுக்குச் செய்யற வேலையா இது?"

"பதினாலு வயசுல செஞ்சதுங்க. இழைப்புளி இல்லாமச் செஞ்சதுங்க" என்றேன்.

அவருக்கு அது உறைக்கவே இல்லை. தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துச் சந்தோசப்பட்டார். "எனக்குப் பூசையெல்லாம் வெச்சீங்களாமா? அதான் ஒரு சீக்கு இல்லாம இருந்திருக்கறேன்" என்றார். அதற்கப்புறம் ஊருக்கு வருகிற சொந்தக்கார உறம்பரையை எல்லாம் கூட்டிப் போய்த் தன் கல்லறையைக் காட்டுவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு ஆயிற்று. குழியே இல்லாத சிலுவைக்கு முன்னால் நின்று எல்லாரும் வாயைப் பிளந்துவிட்டு வருவார்கள்.

எனக்கு வேலை கொடுக்கிற தோட்டத்துக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திக் கேட்டார்: "ஏனுங்க ஆசாரி, உங்க சாமி மூணாம் நாள்ல எந்திரிச்சுதுன்னு சொல்லுவீங்க. உங்கப்பன் ஒம்பது வருசம் எடுத்துக்கிட்டாராமா?"

எங்கள் ஆண்டவரை வைத்துக் கேலி பேசினால் எனக்குப் பொறுக்காது. அன்றைக்கு மட்டும் கோபம் தோட்டத்துக்காரர்மேல் வரவில்லை. "எங்க சாமி நல்லவருங்க, சீக்கிரமா எந்திரிச்சாரு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மாட்டைத் தட்டினார்.

மனைவி இல்லாத வீட்டில் எனக்கென்ன இருக்கிறது என்று என் தகப்பன் உபதேசியார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். உபதேசியாருக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்ல முடியாது. ஒன்பது தபசு காலமாக மாதா புலம்பலை அவரேதான் பாடி வந்தார். அவர் பாடினால் அழுகிற பிள்ளைகூட நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும். சங்ககிரி வண்டிகள் நின்றுபோய் வெகு நாளாயிற்று. இப்போது குரல் திரும்பி வந்திருக்கிறது. அதைக் கட்டி வைக்க ஒரு வீடும், சமைத்துப் போட ஒரு பெண்சாதியும் வேண்டும். என் அம்மா அதற்குத் தேவைப்பட்டாள்.

என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"புருசன் உசுரோட இருக்கறப்ப பொண்டாட்டி வெள்ளச்சீல கட்டறது பாவம்டா. ஞானஸ்நானம் வாங்கினவளுக்கு இது தெரியாதா? தாலிய எறக்கி மறுபடியும் கட்டோணும். இதொண்ணுதான் வழி."

"அது மாதா கழுத்துல கெடக்குதுங்களே" என்றேன்.

"கெடந்தா என்ன? மாதாவே ஒரு பெண்சாதிதான். அவுங்க கோவிச்சுக்கமாட்டாங்க. போட்டவன் நீதான். நீயே எடு. வர்ற ஞாயித்துக்கெழமை ஏணியக் கொண்டா."

மற்ற நாளில் அந்தச் சுரூபத்தின் காலில் ஒரு ஈ உட்கார்ந்தால் துண்டை எடுத்துக்கொண்டு ஓடுகிற மனுசன் அவர். மாதாவின் கழுத்திலிருந்து ஒரு தாலியைக் கழற்றி, பொய்ச் சாவு செத்தவன் கையில் கொடுக்க அவருக்கு மூன்று நாள்கூட ஆகவில்லை.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. சின்ன வயசிலிருந்து கேட்ட பிரசங்கம் எலும்பில் ஊறிக் கிடந்தது. தகப்பன் சொல்லைத் தட்டினால் நரகம் என்று நிசமாகவே பயந்தேன். தாய்மாமன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன பண்றதா இருக்கறே சாமி?" என்றாள்.

"தெரீலீங்கம்மா."

"தெரிஞ்சதுக்கப்புறம் சொல்லு" என்று புடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்திருந்தது. பூசை இல்லாத ஞாயிறு, செபம் மட்டும்தான். அப்படிப்பட்ட நாளில் பாதிப் பேர் ஆடு மேய்க்கப் போய்விடுவார்கள். அன்றைக்கு ஆடுகள் பட்டினி. என் தகப்பன் உபதேசியாரின் சட்டையைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி தலையில் எண்ணெய் வழிய முன்னால் நின்றார். அம்மா பெண்கள் பக்கத்தில் கடைசியில் இருந்தாள். பிரார்த்தனை முடிந்ததும் உபதேசியார் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஏணியைச் சாய்த்து ஏறினேன்.

மேலே போனதும் மாதாவின் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. கீழேயிருந்து பார்க்கும்போது தெரியாத ஒரு கீறல் கன்னத்தில் தெரிந்தது. விளக்குப் புகையில் தாலி கறுத்துக் கிடந்தது. தாலிக்கும் மாதாவின் கைக்கும் நடுவில் ஒரு சிலந்தி கூடு கட்டியிருந்தது. கையை நீட்டிக் கயிற்றைத் தொட்டுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எடுத்திருப்பேன்.

அப்போது கீழே என் தகப்பன் தொண்டையைக் கனைத்தார். தாலி இறங்குகிற நேரத்துக்கு ஒரு தோத்திரப் பாட்டுப் பாட வேண்டுமென்று தயாராகிக்கொண்டிருந்தார். ஒரு தடவை கனைத்து, சுருதி சரியாக இல்லையென்று இன்னொரு தடவை கனைத்தார். திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். முழக்கோலைப் பார்த்ததும் அவள் அப்படித்தான் உட்காருவாள்.

கையை எடுத்தேன். இறங்கினேன்.

"கை எட்டுலியா?" என்றார் என் தகப்பன்.

"எட்டுதுங்க. எடுக்கமாட்டனுங்க."

உபதேசியார் முகம் சிவந்துவிட்டது. "டேய், நாலாங் கற்பனைடா! தகப்பனைச் சங்கிக்கறதில்லையா நீ?"

"அதுல எங்கம்மாளும் இருக்கறாங்கல்லங்க" என்றேன். "தகப்பனை மட்டுந்தான் எழுதியிருக்குதுங்களா?"

ஏணியைத் தோளில் தூக்கினேன். நீளமான ஏணி, கோயிலுக்குள் திருப்புவது லேசான காரியம் இல்லை. பின்பக்கம் சுற்றி வந்தபோது ஆண்கள் பக்கம் வரிசையாகக் குனிந்தார்கள். உபதேசியார் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். எங்கள் கோயிலில் அவ்வளவு பேர் ஒரே சமயத்தில் பக்தியாகக் குனிந்து நான் பார்த்ததில்லை.

வாசல் வரைக்கும் என் தகப்பன் வந்து சாபம் கொடுத்தார். "பெத்தவன் வயிறெரிஞ்சு சொல்றேன். உன்ற கை வெளங்காமப் போகோணும்!" நல்ல குரல். கடைசி வீடு வரைக்கும் கேட்டது. சனங்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் உளி வழுக்கி இடது கட்டைவிரல் கிழிந்தது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. சர்வேசுரனின் கோபத்தைப் பார்த்தீர்களா என்று உபதேசியார் செபத்துக்கு நடுவில் சொன்னார். தச்சன் விரலில் உளி படுவது ஒரு தேவ அற்புதமென்றால் எங்கள் குலத்தில் எல்லார் விரலும் அற்புதம்தான். காயம் பதினைந்து நாளில் ஆறியது. அதைப் பற்றி அவர் பேசவில்லை.

அதற்குள் உபதேசியார் வீட்டில் வேறொரு காரியம் நடந்திருந்தது. விருந்தாளி மூன்று வேளையும் குழம்பு கேட்டிருக்கிறார். காரம் போதாது என்று தட்டைத் தள்ளியிருக்கிறார். உபதேசியாரின் சம்சாரம் பன்னிரண்டு நாள் பொறுத்தாள். பதின்மூன்றாம் நாள் துணி மூட்டையைத் தெருவில் வைத்துவிட்டாள். தகப்பனைச் சங்கிப்பது அடுத்தவன் வீட்டில் நடக்கும் வரைக்கும்தான் உபதேசியாருக்கு இனிக்கும்.

மூட்டையோடு என் தகப்பன் என் வாசலுக்கு வந்தார். அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். நான் எழுந்து போய், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பட்டறைக் கொட்டகையைத் திறந்துவிட்டேன்.

"இங்க இருந்துக்குங்க. சோறு வரும், துணி வரும், சீக்குன்னா மருந்து வரும். ஊட்டுப் படிய மட்டும் மிதிக்கக் கூடாதுங்க. அம்மாகிட்டப் பேசக் கூடாதுங்க."

"பெத்த தகப்பனுக்குக் கொட்டாயா?"

"வேப்பமரக் கொட்டாய்ங்க. எணைப்பு நல்லாருக்குது, பாத்துக்கங்க."

சுவாமியார் அடுத்த தடவை வந்தபோது பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சி கொடுக்கிறாயா என்று கேட்டார். கொடுக்கிறேன் என்றேன். உன் அம்மாவுக்கு அவரோடு இருக்க இஷ்டமா என்றார். இல்லை என்றேன். அப்புறம் என்ன பாவம் என்றார். அவரைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறது, சட்டியை வைக்கிறபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்றேன். சுவாமியார் கொஞ்ச நேரம் இருமினார். மூன்று பரமண்டல மந்திரம் சொல்லச் சொன்னார். மாங்காய் திருடுகிற பிள்ளைகளுக்கும் அதே மூன்றுதான். ஆனால் பூசையில் நன்மை அப்பம் வாங்க விட்டார். உபதேசியார் அதை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு வருசம். காலையில் களி, சாயந்தரம் சோறு. நான்தான் எடுத்துப் போவேன். என் வீட்டுக்காரியை விடமாட்டேன். "ஏனுங்க, மொகத்த இப்பிடி வெச்சுக்கிட்டுக் கொண்டு போனா அவருக்குச் சோறு செரிக்குமாங்க?" என்று அவள் கேட்பாள். செரித்தது. உடம்பு போட்டார். என் வேலையை எல்லாம் குறை சொன்னார். தபசு காலம் வந்தால் கோயிலில் மாதா புலம்பல் பாடினார். சங்ககிரி வண்டிகள் மறுபடி வந்தன. பல்லுப் போன பிறகும் அந்தக் குரல் போகவில்லை. சிலுவை அடியில் மாதா அழுகிற இடத்தில் எனக்கும் கண்ணீர் வந்துவிடும். அதற்காக அவரை இன்னும் கொஞ்சம் வெறுப்பேன். வெளியே வந்து, அன்றைக்குச் சோறு கொண்டு போவேன்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருசம், அவருக்குக் காமாலை கண்டது. சுவாமியாருக்கு ஆள் அனுப்பி சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வைத்தேன். அன்று மத்தியானம் "உங்கம்மாளக் கூப்புடு" என்றார்.

அம்மாவிடம் வந்து சொன்னேன். "உங்க இஷ்டமுங்கம்மா. போகலீன்னாலும் பாவமில்லீங்க" என்றேன். அவள் எழுந்து செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போனாள். ஏழு வருசத்தில் அந்தப் பக்கம் அவள் போனது அன்றைக்குத்தான். தண்ணீரைக் கொடுத்தாள். அவர் ஒரு மடக்குக் குடித்தார்.

"உப்புக் கரிக்குது" என்றார்.

மன்னிப்பு மாதிரி ஏதாவது வரும் என்று நான் வாசலில் நின்றேன். வெட்கமில்லாமல் எதிர்பார்த்தேன். அவர் செம்பைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாயந்தரம் உயிர் போயிற்று.

பெட்டியை வேங்கை மரத்தில் செய்தேன். அத்தனை மூலையிலும் அவர் குறை சொல்ல முடியாதபடி இணைப்புப் போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல இணைப்பு நான் போட்டதில்லை. பார்த்தவர்கள், மகனுக்கு உள்ளுக்குள் எவ்வளவு பாசம் என்றார்கள். பாசம் இல்லை. அவர் வாயை மூட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஊர்ப் பெண்கள் விதவைச் சடங்கு செய்ய வந்தார்கள். அம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"ஒரு தடவ அறுத்தாச்சுங்க. என்ற கழுத்துல இப்ப என்ன இருக்குது அறுக்கறதுக்கு? போயிக் காப்பி குடிங்க" என்றாள்.

சுவர் ஓரத்துப் பழைய சிலுவைக்குக் கீழேயே குழி வெட்டினோம். சிலுவையில் பழைய தேதி இருக்கிறதே, மாற்றி எழுத வேண்டும் என்று உபதேசியார் சொன்னார். அந்தத் தேதியை என் தகப்பனேதான் சொல்லி அனுப்பினார், இருக்கட்டும் என்றேன்.

அந்த வருசம் ஆத்துமாக்கள் திருநாளில் அம்மா அங்கே ஒரு மெழுகுதிரி ஏற்றி முழங்காலில் நின்றாள். வெகு நேரம் நின்றாள். "அவருக்குங்களா?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த கசப்பு அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"முன்னாடி ஒம்பது வருசம் நாம வெச்ச பூசை யாருக்குப் போயிருக்கும் சொல்லு? யாரோ ஒரு அநாத ஆத்துமத்துக்குப் போயிருக்கும். அது இப்ப மோட்சத்துல இருக்கும். அதுகிட்டச் சொல்லிக்கிட்டிருக்கறேன். உங்கப்பனையும் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லி."

அந்தத் தாராளம் எனக்கு வரவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து இப்போது பல வருசம் ஆகிறது. இன்றைக்கும் பாவசங்கீர்த்தனத்தில் அவர்மேல் உள்ள அருவருப்பைச் சொல்லுகிறேன். இன்றைக்கும் அதே மூன்று பரமண்டல மந்திரம்தான். சொல்லிவிட்டு வருகிறேன், அடுத்த தடவையும் அது அங்கேயே இருக்கிறது.

மாதா திருநாளுக்கு முந்தின நாள் சுரூபம் துடைக்க ஏணி கேட்டு ஆள் வருவார்கள். ஏணியை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை, நானே கொண்டு போகிறேன். ஏறி, சிலந்திக் கூட்டை எடுத்து, தாலியைத் துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு இறங்குகிறேன்.